மேட்டில் நீங்கள் சொன்னது

உங்களுடைய சாம்பலை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பதாகக் கோயிலில் கதைக்கிறார்கள். அது பிழை. முன்னறையில், யன்னலோரத்து மேசையில், வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். பூட்டு ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் துணியை மாற்றுகிறேன். செத்த பிறகும் புருசனை வெளியே விட மனமில்லாத மனுசி என்று ஒருத்தி சொன்னாளாம். அதுவும் பிழை. நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை. உங்களை எங்கே கொண்டுபோய் விடுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை கிழக்கு லண்டனில், நம் குட்மேய்ஸில் பெருங்காற்று. எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி சரிந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. பின்வளவில் ஷெட்டின் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. சாத்திவிட்டு வரலாம் என்று போனேன். கிட்டப் போனதும் சைக்கிள் சங்கிலிக்குப் போடும் எண்ணெயின் மணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எவ்வளவு சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் விரல்களை விட்டுப் போகாத மணம். தேநீர்க் கோப்பையின் பிடியில், என் சமையலறைத் துவாயில், ஒருமுறை வெள்ளிக்கிழமை விரதச் சோற்றில்கூட அது இருந்தது. அதற்காக நான் ஏசாத நாள் இல்லை. இன்று கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றேன். நம் இரட்டைச் சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. முன்னால் உங்கள் இருக்கை, பின்னால் என்னுடையது. டயர்கள் இரண்டிலும் காற்றில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் சைக்கிள் கழகத்தின் வசந்தகாலச் சவாரி. போன வருடம் போன அதே பாதை, அதே மேடு, அதே பப்பில் மதியச் சாப்பாடு. சனிக்கிழமை கழகத் தலைவர் பரமண்ணை தன் வான் வண்டியைக் கொண்டுவந்து சைக்கிளை ஏற்றிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிளோடு உங்களையும். அந்த மேட்டில் உங்களைத் தூவ வேண்டும் என்று கழகத்தார் ஒரே பிடியாக நிற்கிறார்கள். நம் மகனும் அவர்கள் பக்கம். நீங்களே சொன்னீர்களாம். சொன்னீர்கள்தான். எனக்கும் கேட்டது. நான் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாளை ஒழுங்காக எழுதிப் பார்த்தால் எனக்கு ஏதாவது விளங்குமோ என்று பார்க்கிறேன். நீங்கள் அங்கிருந்தவர், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது. ஆனாலும் ஒழுங்காகவே சொல்கிறேன். ஒழுங்கில்லாமல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இடது கண் மங்கிய பிறகு நான் தனியே சைக்கிள் ஓடக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்தில் வெள்ளைச் சீருடையின் மடிப்புக் கலையாமல் கொன்வென்ட்டுக்குச் சைக்கிளில் போய்வந்தவள் நான். லண்டனுக்கு வந்து, பிள்ளையை வளர்த்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்று, நீங்கள் கழகத்தில் சேர்ந்தபோது உங்களைவிட முன்னால் ஓடியவளும் நான்தான். கண் போனதும் என் சைக்கிளைத் துடைத்துத் தர்மக்கடைக்குக் கொடுத்தேன். நான் அழவில்லை. அடுத்த கிழமை நீங்கள் என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் இந்த நீட்டுச் சைக்கிளை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினீர்கள். டாண்டம் என்றீர்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி உண்டு, ஆனால் அது திரும்பாது. பிரேக் கிடையாது. முன்னால் இருப்பவர் மிதித்தால் பின்னால் இருப்பவரின் கால்களும் சுற்றியே ஆக வேண்டும். எதிரே தெரிவது ஒரு முதுகு மட்டும்.

"இதிலை நான் ஏறமாட்டன்" என்றேன்.

"இஞ்சேரும், இவ்வளவு வருசமும் இந்த வீட்டை நீர்தானே ஓட்டினனீர்? நான் பின்னாலை இருந்து மிதிச்சனான். இனிக் கொஞ்ச நாளைக்கு நான் ஓட்டுறன், நீர் மிதியும்."

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் வாக்குவாதப்படக் கூடாது என்பதற்காகத்தான் ஏறினேன். பிறகு இறங்கவேயில்லை.

கழகத்தின் சட்டத்தை எழுதாவிட்டால் நடந்தது விளங்காது. எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். தொடக்கத்தில் நமது மதியச் சாப்பாடு ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் மண்டபம் போல இருந்தது. ஒருவர் தன் சலரோகத்தைச் சொல்வார், மற்றவர் அதைவிடப் பெரிய கொலஸ்ட்ரோலைச் சொல்வார், சூப் ஆறிப்போகும். ஒருநாள் தலைவர் பரமண்ணை மேசையில் கரண்டியால் தட்டி ஒரு சட்டம் போட்டார். சாப்பாட்டு மேசையில் நோய், மருந்து, சாவு, இந்த மூன்றும் யாருடைய வாயிலும் வரக்கூடாது. வந்தால் திரும்பிப் போகும்போது அவர்தான் முன்னுக்கு. காற்று நாளில் முன்னுக்குப் போகிறவர் எல்லாருக்குமாகக் காற்றை வாங்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுகமாக வருவார்கள். பரமண்ணை லண்டனில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். யாராலும் அவருடைய சட்டத்தை மீறி ஏறவோ இறங்கவோ முடியாது.

போன வருடச் சவாரியன்று காலை காற்று பின்னாலிருந்து அடித்தது. ஹெயினோல்ட் பக்கம் ஏறும்போது மேடு என்றே தெரியவில்லை. எல்லாரும் தங்களுக்கு வயது குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். "இண்டைக்கு என்ரை காலுக்கு என்ன நடந்தது?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். "கால் அல்ல, காத்து. பின்னேரம் கணக்குத் தீர்க்கும்" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். யாரும் கேட்கவில்லை. வேலியோரத்தில் மஞ்சள் டாபடில் பூக்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன. உங்கள் மஞ்சள் ஜாக்கெட் பின்பக்கம் முதுகோடு ஒட்டி, முன்பக்கம் ஊதியிருந்தது. பின்னாலிருந்து பார்க்க, பெரிய வண்டியும் தொந்தியுமான மனிதர் போல இருந்தீர்கள். அதைச் சொன்னேன். சிரித்ததில் சைக்கிள் ஆடியது.

பப்பில் நமக்காக யன்னலோரத்து நீட்டு மேசையைப் போட்டிருந்தார்கள். உணவுகளை வியாழக்கிழமையே பரமண்ணை போனில் சொல்லிவிடுவார். அந்தப் பப்காரி என்னை "லவ்" என்று கூப்பிட்டாள். என் பெயர் இன்னது என்று நான் அவளுக்கு இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். சூப் சூடில்லை என்று திருப்பி அனுப்பினேன். நீங்கள் உங்களுடையதை அதற்குள் குடித்துவிட்டீர்கள். பரமண்ணை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பழைய ஜாம் போத்தல் ஒன்றை எடுத்தார். தேசிக்காய் ஊறுகாய். மேசைக்குக் கீழால் அது கைமாறிக் கைமாறி வந்தது. வெள்ளைக்காரரின் வறுத்த உருளைக்கிழங்குக்கு அதைப்போலப் பொருத்தமானது வேறில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பப்காரி கண்டும் காணாதவள் போலப் போனாள். அதற்காக மட்டும் நான் அவளை மன்னித்தேன்.

சேது டாக்டர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திருச்சிக்காரர், வட லண்டன் எட்மண்டனிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறவர். குளிர்காலம் முழுக்க அவர் சவாரிக்கு வரவில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. அன்றுதான் திரும்ப வந்திருந்தார். சட்டையின் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையக்கூடிய அளவுக்கு மெலிந்திருந்தார். பின்காற்றிலேயே அவருக்கு மூச்சு வாங்கியதை நான் கவனித்தேன். தட்டில் பெரிதாக ஊதிய யோர்க்ஷயர் புடிங் வந்தது. அவர் அதை ஒதுக்கி வைத்தார்.

"ஏன் டாக்டர், சாப்பிடேல்லையே?" என்று நான்தான் கேட்டேன்.

"வேண்டாம்மா. அந்த ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் நாக்குல ருசியே..."

அவ்வளவுதான். பரமண்ணை கரண்டியால் மேசையில் தட்டினார். "பிடிச்சாச்சு! டாக்டர் முன்னுக்கு!" ஒருவர் கை தட்டினார். "மருந்து குடுத்த கைக்கே மருந்து" என்றார் இன்னொருவர். சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. வெளியே காற்று யன்னற் கண்ணாடியைப் பிடித்து உலுக்கியது. திரும்பும் பாதை முழுக்க எதிர்காற்று என்பது அந்த நேரத்தில் எல்லாருக்கும் விளங்கியது.

டாக்டர் சிரித்தார். "சரி, சரி. ரூல்னா ரூல்தான். போறேன்."

அவரால் முடியாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நோயாளி என்று சொன்னால் அதுவும் நோய்க்கதை. அந்தச் சட்டத்தைப் போட்டவருக்கே அதிலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை. பரமண்ணை தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதற்கும் பதில் உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த மேசையில் நான் கை துடைக்கும் கடதாசியை மடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் முள்ளுக்கரண்டியை வைத்தீர்கள். யன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். பப்புக்குப் பின்னால் புல்வெளி சரிந்து இறங்கி, தூரத்தில் லண்டனின் கட்டடங்கள் சின்னதாகத் தெரிந்தன. புல் முழுவதும் காற்றில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தது.

"நான் செத்தா என்னை இந்த மேட்டிலை தூவி விடுங்கோ" என்றீர்கள். "ஊரிலை கீரிமலைக் கடலிலை கரைக்கவெண்டு காவிக்கொண்டு திரியாதையுங்கோ. இஞ்சை நல்ல காத்து. போற இடத்துக்கு நானே போய்ச் சேருவன்."

 பிறகு பரமண்ணைக்கு உயிர் வந்தது. "அட! டாக்டர் செய்தது சின்னப் பிழை, இது பெரிய பிழை! ஆள் மாறுது. டாண்டம் முன்னுக்கு!" மேசை முழுக்க ஆரவாரம். பப்காரி எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையே. என்னை ஏன் முன்னுக்கு விடுறியள்?" என்று கேட்டேன்.

"ஒரே சைக்கிளிலைதானே இருக்கிறியள், தங்கச்சி. இறங்கி நடக்கிறதெண்டா நடவுங்கோ."

அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். டாக்டர் மட்டும் சிரிக்காமல் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நாம்தான் முன்னால். நீங்கள் தலையைக் குனிந்து மிதித்தீர்கள். என் முகத்தில் காற்று அவ்வளவாகப் படவில்லை. உங்கள் முதுகு முழுவதையும் வாங்கிக்கொண்டது. ஜாக்கெட்டின் நுனி படபடவென்று அடித்த சத்தத்தில்தான் அது எப்படிப்பட்ட காற்று என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் பரமண்ணை, அவருக்குப் பின்னால் டாக்டர், பிறகு மற்றவர்கள், எல்லாரும் வால் போல நீண்டு வந்தார்கள். ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். அப்போது கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, அங்கை சொன்னது மெய்யே?"

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். "இப்ப மிதியுமப்பா. வீட்டை போய்க் கதைப்பம்." விளக்கு பச்சையானது.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தவர் ஒரு சப்பாத்தைக் கழற்றினீர்கள், மற்றதைக் கழற்ற முன்னர் நித்திரையாகிவிட்டீர்கள். நான்தான் அதைக் கழற்றினேன். மறுநாள் காலை அந்தக் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. தேநீரை வைத்துவிட்டு, "உங்கடை சாம்பலை எங்கை போடுறது?" என்று எந்த மனைவி கேட்பாள்? நம் வீட்டில் அப்படிக் கதைத்தால் வாயைக் கழுவச் சொல்வோம். பிறகு கேட்கலாம் என்று இருந்தேன். கோடை முழுக்க நீங்கள் நன்றாகத்தானே இருந்தீர்கள். தக்காளி நட்டீர்கள். சங்கிலிக்கு எண்ணெய் போட்டீர்கள்.

இலையுதிர்காலத்தில் அந்தப் பக்கவாதம் வந்தபோது உங்கள் உடம்பில் முதலில் போனது பேச்சு. கடவுளுக்கு உங்களிடமிருந்து எடுக்க வேறொன்றும் அகப்படவில்லையா என்று நான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பிள்ளை, நல்ல பொறுமைசாலி, படங்கள் வரைந்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். தண்ணீர்க் கோப்பை, தலையணை, கழிவறை, வலிக்கும் முகம், சிரிக்கும் முகம். வேண்டியதை நீங்கள் இடக்கையால் தொட்டுக் காட்ட வேண்டும். நீங்கள் எந்நேரமும் சிரிக்கும் முகத்தையே தொட்டீர்கள். அந்தப் பிள்ளை சந்தோசப்பட்டாள். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கேட்க வேண்டியதற்கு அதில் படம் இல்லை. ஒரு கடதாசியை எடுத்து ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் கடலும் வரைந்திருக்கலாம். நீங்கள் விரலை வைத்திருப்பீர்கள். ஆனால் அந்தப் படத்தை உங்கள் முன் வைத்தால், நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று நான் சொல்வதாகிவிடும். என் கை அதற்கு எழும்பவில்லை. உங்கள் தலைமயிரைச் சீவிவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன். செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. அதற்குள் அஸ்தி தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஐயர் இரண்டு தரம் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். குளிர் குறையட்டும் என்றேன். அன்றைக்குத்தான் கோயிலில் கதை தொடங்கியிருக்க வேண்டும்.

இப்போது குளிர் குறைந்துவிட்டது. போன கிழமை மகன் சமையலறையில் நின்றபடி ஆரம்பித்தான்.

"அம்மா, அப்பா தன்ரை வாயாலை சொன்னவர். பத்துப் பேர் கேட்டவை. இதுக்கு மேலை என்ன வேணும்?"

"அவர் தன்ரை வாயாலை சொன்னதெல்லாம் நடந்திருந்தா நீ இண்டைக்கு பைலட்."

"பகிடி விடாதேங்கோ அம்மா. பரம் மாமா அந்தப் பப்காரியிட்டைக் கேட்டிட்டார். அவவுக்கு ஓமாம். பின்புல்வெளி அவவின்ரைதானாம்."

"ஊரிலை இருக்கிற மாமிக்கு, அப்பாவின்ரை அக்காவுக்கு, என்ன சொல்லப் போறாய்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பாதி இஞ்சை, பாதி கீரிமலை."

"உன்ரை அப்பா என்ன பிறந்தநாள் கேக்கே, வெட்டிக் குடுக்க?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தாடி நரைத்த பிள்ளை. உங்களுக்கு வருவது போலவே முதலில் மூக்குத்தான் சிவக்கிறது. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

உங்கள் அக்கா கொக்குவிலிலிருந்து ஒன்றுவிட்ட ஒருநாள் போன் எடுக்கிறார். "பிள்ளை, தம்பி பகிடிக்காரன். அவன் சொன்னதைக் கேட்டு நீர் ஆடாதையும். ஐயாவும் அம்மாவும் கரைஞ்ச தண்ணி அது. அவன் மட்டும் ஏன் வெள்ளைக்காரன்ரை புல்லுக்குள்ளை கிடக்கோணும்?" மச்சாளுக்கும் வயது போய்விட்டது. உங்களைத் தன் கையால் ஒருமுறை தொட வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. அது எனக்கு விளங்காமல் இல்லை.

நான் யாரிடமும் போய் எதையும் கேட்டு நிற்கிறவள் அல்ல. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் பிடித்து எட்மண்டனுக்குப் போனேன். சேது டாக்டர் உடம்பு தேறியிருக்கிறார். கன்னத்தில் சதை வந்திருக்கிறது. அவருடைய மனைவி கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் நேரே கேட்டேன்.

"ஆமாம்மா" என்றார். "எனக்காகத்தான் சொன்னார். பேச்சை எடுக்கறதுக்கு முன்னாடி மேசைக்கடியில என் காலை ஒரு தட்டு தட்டினார். நீ சும்மா இருன்னு அர்த்தம். அன்னிக்கு நான் முன்னால போயிருந்தா பாதி வழியில விழுந்திருப்பேன். அது அவருக்குத் தெரியும்."

"அப்ப அவர் சொன்னது பொய்யோ?"

டாக்டர் தலையை ஆட்டினார். "பொய்னு நான் சொல்லலைம்மா. எனக்காகச் சொன்னார்னு சொல்றேன். மனசுக்குள்ள என்ன இருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் நானும் ராத்திரி பகலா நினைக்கிறேன். எனக்காகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவரை அந்த மேட்டுல விட்டுட்டா, நான் எப்படிம்மா அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டறது?"

அவர் மனைவி அவருடைய தோளில் கை வைத்தார். நான் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். நல்ல கோப்பி. சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது.

அன்று மாலை பரமண்ணைக்குப் போன் எடுத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "காலைத் தட்டினது மெய்யாத்தான் இருக்கும், தங்கச்சி. ஆனா ஒண்டு சொல்லுறன், கோவியாதேங்கோ. உங்கடை மனிசன் ஒரு மெய்யை மெய்யெண்டு சொல்லி நான் ஒருநாளும் காணேல்லை. பகிடியாத்தான் சொல்லுவார். டாக்டரைக் காப்பாத்த எத்தினை கதை சொல்லியிருக்கலாம்? தன்ரை பிளட் பிறசரைச் சொல்லியிருந்தாலே போதும். ஏன் அந்த மேட்டைச் சொன்னவர்?"

 அவர் சொல்வது சரி. வேலை போன அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து, "கொம்பனி எனக்கு நிரந்தர லீவு தந்திட்டுது" என்று சொன்னீர்கள். நான் சிரித்தேன். மறுநாள் காலை நீங்கள் வேலைக்கு எழும்பாதபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் கொன்வென்ட்டில் நான் மல்யுத்தத்தில் முதலாம் பரிசு எடுத்தவள் என்று கோயில் முழுக்க இல்லாததைச் சொல்லித் திரிந்தவரும் நீங்கள்தான். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் சொன்னீர்கள். இத்தனை வருடம் உங்களோடு இருந்தும் அந்த முகத்தில் எது எதுவென்று பிரிக்க நான் பழகவில்லை. பழகத் தேவை வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எனக்கு என்ன விருப்பம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்கிறேன். உங்களை எங்கே விடுகிறார்களோ அங்கேதான் என்னையும் விட வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே இது எனக்குமான இடம். கீரிமலைக்கு இனி உயிரோடு போய்வர என் முழங்கால் விடாது. மேடு கிட்டத்தில் இருக்கிறது, பஸ்ஸில் போகலாம், ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அங்கே உங்களைத் தூவினால் அந்தக் காற்றில் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டீர்கள். பிறகு நான் எதைப் பார்த்து உட்கார்ந்திருப்பது? இப்படி ஒரு பக்கம் நினைத்தால் மறுபக்கம் இழுக்கிறது. என் விருப்பத்தை உங்கள் விருப்பம் என்று சொல்லிச் செய்துவிடவும் எனக்கு மனமில்லை. நீங்கள் மறுத்துப் பேச இங்கே இல்லை.

பரமண்ணை நேற்றுத் திரும்பவும் போன் எடுத்தார். பப்புக்கு வியாழனுக்குள் சாப்பாடு சொல்ல வேண்டுமாம், எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கழகத்தில் எப்போதும் முதல் ஆளாகச் சொல்கிறவள் நான். ரெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். மீனா, கோழியா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.  "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். அவர் பாவம், என்னோடு கோபமோ என்று மகனிடம் கேட்டிருக்கிறார்.

என்னிடம் உங்களுடையது எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், இந்தச் சாம்பல் பெட்டியையும் சைக்கிளையும் நான் சொல்ல மாட்டேன். சைக்கிளில் போகும்போது, எனக்குத் தெரியாத பாதையை நீங்கள் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டு போவீர்கள். "பள்ளம்." "மேடு வருது." "பிரேக் பிடிக்கிறன்." "இடப்பக்கம் சரியும்." என் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் உங்கள் வாயால் முன்கூட்டியே என் கால்களுக்கு வந்துவிடும். இப்போது குட்மேய்ஸ் ஸ்டேசனுக்கு முன்னால் தெருவைக் கடக்க நிற்கும்போது, படியில் இறங்கும்போது, இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகும்போது, கால் தானாக ஒரு கணம் நிற்கிறது. நீங்கள் சொல்வதற்காக. பிறகு நானே மெதுவாகச் சொல்லிக்கொண்டு இறங்குகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. போன கிழமை ஸ்டேசனில் ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். நான் இன்னும் விழவில்லை.

ஆனால் இந்த ஒரு திருப்பத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகன் சொல்வதும் சரி, மச்சாள் சொல்வதும் சரி, டாக்டரும் சரி, பரமண்ணையும் சரி. சனிக்கிழமை காலை வான் வந்து வாசலில் நிற்கும். நான் கதவைத் திறக்க வேண்டும். கையில் உங்களோடு திறப்பதா, வெறுங்கையோடு திறப்பதா என்று எனக்குத் தெரியாது.

ஆகையால் உங்களிடமே கேட்கிறேன். கனவில் வந்து சிரித்துவிட்டுப் போவது எனக்குப் போதாது. சாத்திரக்காரரிடம் போகச் சொல்லி மச்சாள் சொல்கிறார், அங்கேயும் நான் போகப் போவதில்லை. மேடா, கீரிமலையா என்று உங்கள் கையெழுத்தில், பகிடி இல்லாமல், ஒரு வரி எழுதுங்கள். வீட்டு முகவரி மாறவில்லை. சனிக்கிழமைக்கு முன்னர் எனக்குக் கிடைக்கும்படியாகப் பதில் எழுதுங்கள்.